பைன் காட்டில் கிடைத்த உருண்டை!

கிழங்கா? காளானா? கறிக்கு ஆகுமா?

சென்ற ஆண்டு அக்டோபர் கடைசியில் நாங்கள் 22 பேர் பெங்களூரிலிருந்து ஊட்டிக்கு வேன் பிடித்துப் போனோம். எல்லாரும் ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். சிலர் மிஷின் பக்கம், சிலர் என்னைப் போலப் பேனா பக்கம். குடும்பங்களும் வந்திருந்தன. ஓட்டலில் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்று அடுப்பு, கேஸ் சிலிண்டர், அரிசி, பருப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். இந்தச் சமையல் ஏற்பாடுதான் வம்பை இழுத்துவிடப் பார்த்தது.

பந்திப்பூர்க் காட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளை விடமாட்டார்கள். கேட் திறக்கும்வரை காத்துக் கிடந்து, முதுமலை, கூடலூர், நடுவட்டம் என்று மலை ஏறி, பைக்காராவையும் தாண்டி, பைன் காட்டுக்கு எதிரே வேன் நின்றபோது மணி பத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் நாள் இரவு நல்ல மழை.

ஊட்டிக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். போகாதவர்கள் சினிமாவில் பார்த்திருப்பார்கள். நெட்டுக்குத்தாக வானத்தைத் தொடும் மரங்கள். அடியில் கால் புதையும்படி காய்ந்த ஊசியிலை மெத்தை.

பையன் ஒருவன் அந்த மெத்தையைக் காலால் சீய்த்துக்கொண்டே போனான். அதற்குள்ளிருந்து ஓர் உருண்டை வெளியே வந்தது. எலுமிச்சை அளவு. அழுக்கு மஞ்சள் நிறம். "அம்மா, உருளைக்கிழங்கு!" என்று கத்தினான்.

அதைக் கையில் வாங்கிப் பார்த்த மங்களூர் நண்பருக்குக் கண் விரிந்துவிட்டது. "உருளைக்கிழங்கு இல்லே இது. கல்லணபே!" என்றார்.

அணபே என்றால் கன்னடத்தில் காளான். கல்லணபே என்றால் கல் காளான். மங்களூர், உடுப்பி, கார்க்களா பக்கம் ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் செம்மண் தரையில் கோலிக்குண்டு போலக் கிளம்பும். குடையும் கிடையாது, காம்பும் கிடையாது. சந்தைக்கு வந்தால் கோழிக்கறியை மிஞ்சும் விலை. ராஞ்சி, ஜாம்ஷெட்பூரில் வேலை பார்த்த தமிழர்கள் இந்த ஜாதியை 'ருக்டா' என்ற பெயரில் பார்த்திருப்பார்கள். அங்கே சால் மரக்காட்டில் மழைக்காலத்தில் கிடைக்கும். ஆகவே நண்பர் சொன்னது வெறும் கற்பனை அல்ல. அவர் சிறு வயதிலிருந்து தின்று வளர்ந்த பண்டம் அது.

எங்களோடு வந்திருந்த இளம் குமாஸ்தா ஒருவர் அதற்குள் கைப்பேசியில் படம் எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டார். "ட்ரஃபிள்!" என்று அவர் பங்குக்கு அவரும் கத்தினார். பிரான்சிலும் இத்தாலியிலும் மண்ணுக்குள் விளையும் விலை உயர்ந்த காளான் அது. 2007-ல் மக்காவ் நகரின் சூதாட்ட விடுதி அதிபர் ஸ்டான்லி ஹோ, ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரே ஒரு வெள்ளை ட்ரஃபிளை 3,30,000 டாலருக்கு ஏலம் எடுத்தார் என்று படித்துக் காட்டினார்.

அவ்வளவுதான்! ஒரு பக்கம் குழம்பு ஆசை, மறு பக்கம் லட்சாதிபதி ஆசை. அரை மணி நேரத்தில் ஒரு துணிப்பை நிறைந்துவிட்டது. பெண்கள் மசாலாவுக்குத் தேங்காய் போதுமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். நானும் குனிந்து நாலைந்து பொறுக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"வெட்டிப் பார்த்தீங்களா?"

எங்கள் சூப்பர்வைசரின் மாமனார் ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர். வழியெல்லாம் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தூங்கி வந்தவர். பையைப் பார்த்ததும் வேனிலிருந்து இறங்கி வந்தார்.

"தம்பி, இதிலே எத்தனை ஜாதி இருக்கு?" என்று மங்களூர் நண்பரைக் கேட்டார்.

"ஒரே ஜாதிதான் சார். கல்லணபே."

"வெட்டிப் பார்த்தீங்களா?"

நண்பர் பதில் சொல்லவில்லை. பெரியவர் பழைய செய்தித்தாள் ஒன்றை விரிக்கச் சொன்னார். காய்கறிக் கத்தியை வாங்கினார். ஒவ்வொரு உருண்டையையும் மண் ஒட்டியிருந்த அடிப்பாகம் கீழே இருக்கும்படி பிடித்து, உச்சியிலிருந்து அடிவரை நேராக இரண்டாகப் பிளந்து வைத்தார். குறுக்கே வெட்டக் கூடாதாம். ஏன் என்பது சற்று நேரத்தில் தெரிந்தது.

பிளந்து முடிந்தபோது காகிதத்தின்மேல் மூன்று குவியல் சேர்ந்துவிட்டது. மேலே பார்த்தால் அண்ணன் தம்பி. உள்ளே பார்த்தால் சம்பந்தமே இல்லை.

முதல் குவியல்தான் பெரியது. தோல் மெல்லியது. மஞ்சளாக இருந்து, முற்ற முற்றப் பாசிப் பழுப்பாக மாறியிருந்தது. விரலால் அழுத்தினால் ரப்பர் போல அமுங்கி எழுந்தது. அதன் மேலெல்லாம் பழுப்பு நூலை வலை மாதிரி ஒட்டிவிட்டது போல இழைகள். அடிப்பக்கம் அந்த இழைகள் வேராகத் தொங்கின. உள்ளே பார்த்தால் பிட்டு வைத்த இட்லி! ஆனால் துளைகள் இட்லித் துளைகளைவிட மிக நுண்ணியவை. கண்ணைக் கிட்டே கொண்டு போனால்தான், கோணல் மாணலான ஆயிரம் சிற்றறைகள் என்பது தெரியும். இளசில் அறைகள் வெள்ளை; பிறகு மஞ்சள்; கடைசியில் பழுப்புக் கூழ். முற்றிய ஒன்றை மோந்து பார்த்தேன். பசி போய்விட்டது.

"இதுதான் போலி ட்ரஃபிள்" என்றார் பெரியவர். இதன் சாஸ்திரப் பெயர் ரைசோபோகன் லூட்டியோலஸ். கிரேக்கத்தில் 'ரைசா' என்றால் வேர், 'போகன்' என்றால் தாடி. வேர்த்தாடி! அடியில் தொங்கும் அந்த இழைகளைப் பார்த்து வைத்த பெயர். 'லூட்டியோலஸ்' என்றால் மஞ்சள் சாயல் கொண்டது. 1817-ல் சுவீடன் நாட்டுக் காளான் அறிஞர் எலியாஸ் ஃபிரீஸ் இந்த இனத்தை வகுத்தார். இன்று இந்த இனத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கொன்று வித்தியாசம் காண மைக்ராஸ்கோப் வேண்டும். இனம் இது என்று சொல்ல மட்டும் ஒரு கத்தி போதும்.

குமாஸ்தா தம்பிக்கு மனசு ஆறவில்லை. "அசல் ட்ரஃபிள் இல்லேன்னு எப்படி சார் சொல்றீங்க?" என்றார்.

அசலை வெட்டினால் உள்ளே துளை இராது. கெட்டியாக இருக்கும். கறுப்பு அல்லது பழுப்புச் சதையில் வெள்ளை நரம்புகள் சலவைக்கல் போல ஓடும். ரப்பர் போல அமுங்காது. மணம் ஊரைக் கூட்டும். பன்றியும் நாயும் மண்ணுக்கு மேலிருந்தே அதை மோப்பம் பிடிப்பது அதனால்தான். உறவுமுறையிலும் இரண்டும் வேறு வேறு. போலி ட்ரஃபிளுக்கு நெருங்கிய சொந்தம், பைன் மரத்தடியில் குடை விரித்து நிற்கும் சூயிலஸ் என்ற காளான். குடையும் காம்பும் இல்லாமல் மண்ணுக்குள் தங்கிவிட்ட தம்பி இது. "அதனாலே லட்சாதிபதி கனவை இத்தோட விட்டுடுங்க" என்றார் பெரியவர்.

இரண்டாவது குவியலில் ஏழெட்டு இருக்கும். தோல் தடிமன். மேலே செதில் செதிலாக வெடித்து மலைப்பாம்பின் முதுகு போல இருந்தது. அழுத்தினால் அமுங்கவில்லை; கல்லாக இருந்தது. வெட்டிய இடத்தில் சுற்றிலும் வெள்ளைப் பட்டை. நடுவே ஊதா கலந்த கறுப்பு. இன்னும் முற்றினால் அந்தக் கறுப்பு பொடியாகி, மிதித்தால் புகையாகக் கிளம்பும். போலி ட்ரஃபிள் கூழாகும்; இது பொடியாகும். அந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம். இதற்கு ஸ்கிளிரோடெர்மா சிட்ரினம் என்று பெயர். விஷம். தின்றால் சில மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, வாந்தி, வியர்வை. பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் எங்கள் கூட்டத்தில் குழந்தைகள் ஐந்து பேர்.

மூன்றாவது குவியல் என்று சொல்வதே தப்பு. அதில் இரண்டே இரண்டுதான். கோழிமுட்டை மாதிரி வெள்ளை. மேலே அரிசி நொய் ஒட்டியது போலப் புள்ளிகள். பிளந்த பக்கத்தைப் பெரியவர் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே மடித்து வைத்த குடை! குட்டிக் குடை, குட்டிக் காம்பு, எல்லாம் கோடு போட்டது போலத் தெரிந்தன. தோலுக்குக் கீழே மெல்லிய ஆரஞ்சுக் கீற்று. குறுக்கே வெட்டியிருந்தால் இந்தக் குடை கண்ணில் பட்டிருக்காது.

கதைப் புத்தகங்களில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்துக் காளான் படம் போடுவார்களே, அதன் முட்டைப் பருவம்தான் இது. அமானிட்டா மஸ்காரியா. தின்றவர்களுக்குப் புத்தி தடுமாறும். பிதற்றல், மயக்கம் எல்லாம் வரும். அதே அமானிட்டா குடும்பத்தில் மரணக் குடை என்று ஒன்று இருக்கிறது. அது முதல் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் செய்யாது. பிறகு வாந்தி பேதி. பிறகு சரியாகிவிட்டது போலத் தோன்றும். அதற்குள் ஈரல் போயிருக்கும். ஆகவே உருண்டைக்குள் குடை தெரிந்தால் அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம்.

துணிப்பையைச் சுற்றி நின்ற பெண்கள் யாரும் பேசவில்லை. இரண்டு முட்டைகளும் ஏழெட்டுக் கல் உருண்டைகளும் பெரிய குவியலோடு ஒன்றாகக் கொதித்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஊர் மாறினால்...

மங்களூர் நண்பரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குக் கல்லணபே தெரியும். பைன் காடு தெரியாது. அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

2011 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நடந்ததும் இதுதான். சீனாவிலிருந்து பிழைக்க வந்த சமையல்காரர் ஒருவர், புத்தாண்டு விருந்துக்குக் காளான் பறித்துச் சமைத்தார். தம் நாட்டில் வழக்கமாகத் தின்னும் வைக்கோல் காளான் என்று நினைத்தார். அது மரணக் குடை. அவரும் இன்னொருவரும் சில நாட்களில் இறந்தார்கள். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறியவர்கள் பலர் இதே போல ஏமாந்திருக்கிறார்கள். பிறந்த மண்ணில் அம்மா காட்டிக் கொடுத்த காளானின் அச்சு, வேறு மண்ணில் வேறு பொருளாக இருந்துவிடுகிறது.

நம் நாட்டிலும் குறைவில்லை. 2022 ஏப்ரலில் அசாமில் விஷக் காளான் தின்று 13 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. பெரும்பாலானவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். காசு கொடுத்துக் காய் வாங்க முடியாதவன் காட்டில் பறிக்கிறான் என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

வேனில் ஏறிய பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்க வைத்தால் விஷம் இருந்தால் கறுக்கும் என்றார் ஒருவர். பூண்டு நிறம் மாறும் என்றார் இன்னொருவர். பூச்சி அரித்திருந்தால் பயமில்லை என்றார் மூன்றாமவர். மூன்றும் பொய் என்று பெரியவர் அடித்துச் சொன்னார். மரணக் குடையின் விஷம் கொதித்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது, வெள்ளியையும் கறுக்க வைக்காது. பூச்சிக்கு ஒத்துக்கொள்வது மனிதனுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தப்பித் தவறித் தின்றுவிட்டால், வயிறு வலிக்கட்டும் என்று காத்திராமல், மிச்சம் இருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எத்தனை மணிக்குத் தின்றோம் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் கத்தியோடு காட்டுக்குப் போக வேண்டாம். வெட்டிப் பார்ப்பது விலக்குவதற்குத்தான். தின்பதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. தவிரவும், ரிசர்வ் காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எதை எடுத்தாலும் 1882-ம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். எங்கள் பையை வனக் காவலர் பார்த்திருந்தால் அது வேறு கதையாகியிருக்கும்.

மரத்தைத் தூக்கி நிறுத்திய தாடி

"அப்போ இந்தப் போலி எதுக்குத்தான் சார் உதவும்?" என்று என் மனைவி கேட்டாள்.

பெரியவர் ஜன்னல் வழியே மரங்களைக் காட்டினார். "அது இல்லேன்னா இது ஏதும்மா?"

நீலகிரியில் பைன் மரம் இயற்கையாக உள்ளதல்ல. அங்கே இருந்தவை சோலைக்காடும் புல்வெளியும். அந்த மண்ணில் கொண்டுவந்து நட்டதுதான் பைன். (சோலையை இழந்து பைனைப் பெற்றது லாபமா என்று கேட்டால், இல்லை என்பதே என் எண்ணம்.) பெரும்பாலும் நட்டது பைனஸ் பேட்டுலா. அதன் தாய்நாடு மெக்சிகோ. இந்த மரத்தின் நுனிவேர் தனியாக நின்று மண்ணிலிருந்து போதிய சத்தை எடுக்காது. பூஞ்சை இழை வேர் நுனிக்கு உறை மாட்டியது போலச் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்த இழை மண்ணுக்குள் தூரம் தூரமாகப் பரவித் தண்ணீரும் பாஸ்பரஸ் சத்தும் கொண்டுவந்து மரத்துக்குக் கொடுக்கும். மரம் இலையில் தயாரித்த சர்க்கரையில் பங்கு கொடுக்கும். ஐரோப்பியப் பூஞ்சையும் மெக்சிகோ மரமும் நீலகிரியில் குடித்தனம் நடத்துகின்றன.

நீலகிரித் தோட்டங்களில் இந்த வேர் உறைகளை எடுத்து ஆராய்ந்து, மோகன், நடராஜன், இங்கிள்பி என்ற மூவர் 1993-ல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அவர்கள் ஒரே கட்டுரையில் சேர்த்து விவரித்த இரண்டு பூஞ்சைகள் எவை தெரியுமா? ரைசோபோகன் லூட்டியோலஸ், ஸ்கிளிரோடெர்மா சிட்ரினம். எங்கள் முதல் குவியலும் இரண்டாவது குவியலும்! அமானிட்டா மஸ்காரியாவும் அதே பைன் வேரில் வாழ்வதை இன்னொரு கட்டுரை சொல்கிறது. ஒரே மரத்தடியில் மூன்றும் கிடைத்தது தற்செயல் அல்ல.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பைன் வளர்க்கப் போனபோது புது நாற்றங்கால்களில் கன்றுகள் மஞ்சளித்து நின்றுவிட்டன. உரம் போட்டும் தேறவில்லை. பைன் நன்றாக வளர்ந்த பழைய இடத்திலிருந்து மண்ணை அள்ளி வந்து தூவினார்கள். கன்றுகள் பச்சை பிடித்து எழுந்தன. அந்த மண்ணில் இருந்த உயிர்ப்பொருள்தான் காரணம் என்று வனத்துறை அதிகாரி கெசல் 1927-ல் எழுதினார். பிற்பாடு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மண்ணைச் சுமப்பதை விட்டு, இந்த ரைசோபோகன் லூட்டியோலஸின் வித்துப் பொடியையே பைன் விதைமேல் பூசிச் சோதனை செய்தார்கள்.

மண்ணுக்குள் இருக்கும் காளானின் வித்து காற்றில் பறக்க வழியில்லை. அதனால்தான் முற்றியதும் அந்த நாற்றம். மோப்பம் பிடித்து வரும் பிராணி தோண்டித் தின்று, போகும் இடத்தில் எச்சமாகப் போட்டுவிடும். வட அமெரிக்காவில் பறக்கும் அணில் இந்த வேலையைச் செய்கிறது. அர்ஜென்டினாவில் வெளியிலிருந்து கொண்டுவிட்ட காட்டுப்பன்றியும் மானும் செய்கின்றன.

இதன் உறவுக்காரன் ஒருவன் ஜப்பானில் ராஜ மரியாதையோடு இருக்கிறான். கடற்கரை மணலில் வளரும் பைன் காட்டில் கிடைக்கும். பெயர் 'ஷோரோ'. பைன் மரத்துப் பனித்துளி என்று அர்த்தம். கீறினால் சிவக்கும். உள்ளே வெள்ளையாக இருக்கும் இளசைத் தெளிந்த சூப்பில் போட்டுக் குடிப்பார்கள். இப்போது கிடைப்பது அரிதாகிவிட்டதால், நியூசிலாந்தில் பைன் கன்றுகளின் வேரில் அதை ஏற்றிப் பயிர் செய்து பார்த்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் குமாஸ்தா தம்பி மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது வேற ஜாதி, தம்பி" என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமலே.

சொல்ல மறந்துவிட்டேன். வேன் கிளம்புவதற்கு முன்பே பையைக் கொட்டிவிட்டோம். முட்டைகளையும் கல் உருண்டைகளையும் பெரியவர் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார், குழந்தைகள் மறுபடி எடுக்காமல் இருக்க. போலி ட்ரஃபிள்களைப் பைன் மரத்தடியில் ஊசியிலைக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வந்தார். எல்லாரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். அன்று மத்தியானம் ஊட்டியில் உருளைக்கிழங்குக் கறியும் ரசமும்தான்.

மங்களூர் நண்பர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெரியவரிடம் ஊர் முகவரி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த ஜூனில் அவர் ஊருக்குப் போய்த் திரும்பியபோது தேக்கிலையில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே கருத்த கோலிக்குண்டுகள். என் மனைவி தயங்கி நின்றாள். அவரே சமையலறையிலிருந்து கத்தியை எடுத்துவரச் சொல்லி, ஒன்றை உச்சியிலிருந்து அடிவரை பிளந்து தட்டில் வைத்தார். தடித்த தோல். உள்ளே கொப்பரைத் தேங்காய் போலக் கெட்டியான வெள்ளை. இட்லித் துளையும் இல்லை, குடையும் இல்லை. "அம்மா பொறுக்கினது, எங்க வீட்டுக்குப் பின்னாடி" என்றார். அப்படியும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிளந்து காட்டிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்.